நுண்ணோக்கிக்குப் பூஞ்சை பிடித்த கதை

ஈப்போவில் என் நுண்ணோக்கியின் வில்லையைக் கழற்றித் துடைத்துக் கொடுக்க 120 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிவிட்டார்கள். அதே மாடல் இப்போது 480தான். மகள் படிவம் 4 போன 2019இல் நான் 650 கொடுத்தேன். இந்த நேரம் பார்த்து, "பையனுக்கு வாங்கலாமாடா?" என்று கேட்கிறான் கூடப் படித்தவன்.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். சுங்கை சிப்புட்டில் மழை நாளில் தோல் செருப்பே பூஞ்சை பிடிக்கும். விற்றவரோ, "வேலை முடிஞ்சதும் பெட்டியில போட்டு மூடிடுங்க அண்ணே" என்றார். மூடினேன். பெட்டியிலிருந்த ஸ்பாஞ்ச் ஈரத்தைக் குடித்துக் குடித்து வில்லைக்கு ஊட்டியிருக்கிறது. மூன்றாம் வருடம் 40 மடங்கில் எதை வைத்தாலும் விடியற்காலைப் பனியில் செம்பனைக் காடு தெரிகிற மாதிரி இருந்தது. பல்பு மங்கிவிட்டதென்று மாற்றினேன், தண்டச் செலவு. 10 மடங்கில் பளிச்சென்று இருக்கிறதே, பல்பு எப்படிக் குற்றவாளியாகும்? கடைசியில் கண் வைத்துப் பார்க்கும் மேல் வில்லையை உருவித் தலைகீழாகப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் அதுவே நல்ல பூதக்கண்ணாடி. 40 மடங்கு கீழ் வில்லையின் மேல் ஒட்டடை மாதிரி இழைகள்!

கீழ் வில்லைதான் குழலுக்குள் பெரிய, தலைகீழான பிம்பத்தை விழவைக்கிறது. மேல் வில்லை அந்தப் பிம்பத்தை இன்னும் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான். கீழே தொலைந்துபோன விவரம் மேலே திரும்பி வராது. பெட்டியில் '1600 மடங்கு' என்று அச்சடித்திருப்பதும் இதே கதைதான். 100 மடங்கு கீழ் வில்லைக்கு மேல் 16 மடங்கு மேல் வில்லையைச் செருகிப் பெருக்கிக் கணக்குக் காட்டுகிறார்கள். சுமார் 0.2 மைக்ரோமீட்டரை விட நெருங்கிய இரண்டு புள்ளிகளை இந்த மாதிரிச் சாதாரண ஒளி நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட முடியாது. 1873இலேயே ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே இந்த எல்லைக்குக் காரணம் சொல்லிவிட்டார். 1600இல் பெரிதாவது மங்கல்தான்.

ஆனால் வாசலில் நிற்கும் ரோயோ செடி என்னைக் கவிழ்த்துவிட்டது. இலையின் ஊதா அடித்தோலை உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, மெல்லிய கண்ணாடியால் மூடிப் பாருங்கள்: தளம் பாவியதுபோல் ஊதா அறைகள், அவைதான் செல்கள். ஒரு பக்கம் கெட்டிச் சீனித் தண்ணீரை விட்டு மறுபக்கம் டிஷ்யூவால் இழுத்தால், சில நிமிடத்தில் ஊதா சுவரை விட்டு விலகிச் சுருங்கும். அந்த ஊதாவைச் சுற்றியிருக்கும் செல்சவ்வு 10 நானோமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. பாடப்புத்தகத்தில் கோடு போட்டுக் காட்டுவார்கள், இந்தக் கருவியில் அதைப் பார்க்கவே முடியாது. என்றாலும் அது சுவரிலிருந்து பிரிந்து உள்ளே போன இடத்தை அந்த ஊதாவின் ஓரம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மகள் கோலாலம்பூர் போய் வருடங்களாகின்றன. ராத்திரியில் நான்தான் உரித்துக்கொண்டிருக்கிறேன். வெங்காயத்தோலில் அயோடின் விட்டு உட்கரு பார்க்கும் நாளில், "குழம்புக்கு மிச்சம் வைங்க" என்பாள் வீட்டுக்காரி.

வாங்காதேடா. நம்ம ஊர் ஈரத்துக்கு இது சரிப்படாது. ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிவா, என்னுடையதில் பார்க்கட்டும். விலைக்கு மட்டும் கேட்காதே. இப்போது அது சிலிக்கா ஜெல்லோடு, மூடி இறுகும் அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. அரிசிக்குத்தான் வேறு டப்பா வாங்க வேண்டும்.