பைபர் படகை மராமத்துக்கு விடுகிறவர்கள் கவனத்துக்கு

தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் பைபர் படகு வைத்திருப்பவர்கள் ஒரு நிமிடம் இதைப் படியுங்கள். ஐப்பசி மழைக்குப் படகைக் கரையேற்றி வேலை பார்ப்பது நம் வழக்கம்தான். நானும் போன ஐப்பசியில் கடலூரில் ஒரு பட்டறையில் விட்டேன். பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம்.

என் படகில் கோளாறு ஒரே இடத்தில்தான், மோட்டார் மாட்டும் பின்பலகையில். வெளியே பைபராகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது பிளைவுட். போல்ட் ஓட்டை வழியாக உப்புத்தண்ணீர் இறங்கி மரம் ஊறிவிட்டது. பழையதை முழுக்க வெட்டியெடுத்துப் புது மரைன் பிளைவுட் வைத்து, மேலே மூன்று மேட் (ரெசின் என்ற பசையில் ஒட்டும் கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டித் தர 38,000 ரூபாய் பேசினோம். 30,000 முன்பணமாகக் கொடுத்துவிட்டேன்.

நடுவில் போய்க் கேட்டபோது, "மழையா இருக்குண்ணே, ரெசின் காயல" என்றார். ஈரத்தில் மேட் பிடிக்காது என்பது உண்மைதான், அதனால் நம்பினேன். கார்த்திகைக் கடைசியில் படகு நீலப் பெயிண்டில் பளபளவென்று நின்றது. மீதிப் பணத்தையும் கொடுத்து எடுத்து வந்தேன்.

தை மாதம், கரை கண்ணுக்கு மறைகிற தூரம். மச்சான்தான் முதலில் பார்த்தான். வேகம் கொடுக்கும்போதெல்லாம் மோட்டார் தலையாட்டியது. கிட்டே போனால், மோட்டாரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் பலகைக்குள் புதைந்து கிடக்கிறது! மோட்டாரை கயிற்றால் இழுத்துக் கட்டி, ஊர்ந்து ஊர்ந்து கரை சேர்ந்தோம். அன்றைக்கு வாடைக்காற்று கொஞ்சம் பலமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் தூக்கம் வருவதில்லை.

உளியால் சுரண்டினேன். பெயிண்டுக்குக் கீழே பட்டி, பட்டிக்குக் கீழே ஒரே ஒரு மேட், அதற்கும் கீழே அதே பழைய மரம். விரலால் கிள்ளினால் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உதிர்ந்தது, கறுப்புத் தண்ணீர் வடிந்தது.

பட்டறைக்காரரிடம் கேட்டால், "பாத்துத்தானே எடுத்துட்டுப் போனீங்க" என்கிறார். கையில் இருப்பது 'மொத்த வேலை' என்று எழுதிய துண்டுச்சீட்டு மட்டும்.

பழைய பலகையை வெளியே எடுத்துக் காட்டும்வரை பாதிப் பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். புதுப் பலகையை ஒட்டுவதற்கு முன் மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து போட்டோ எடுங்கள். எத்தனை மேட் என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் 'டங்' என்று சொல்லும், ஊறிய இடம் 'மொத்' என்று அடங்கும். போல்ட் ஓட்டை போடும்போது கூடவே நில்லுங்கள், தூள் உலர்ந்து வர வேண்டும்.

தொழிலுக்கு வைத்திருக்கும் படகுக்கு நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று சிலர் சொன்னார்கள். அது சரியல்ல. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துகிறவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் கூப்பிடலாம். நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உதிர்ந்த மரத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டில் வைத்திருக்கிறேன். படகை வேலைக்கு விடப்போகிறவர்கள் வந்து தொட்டுப் பார்க்கலாம்.