அக்டோபரில் திராட்சை பறிக்கக் கூப்பிட்டார்கள்

நியூசிலாந்தில் அக்டோபர் கடைசியில் வரும் லேபர் டே விடுமுறைக்கு, ஆக்லாந்துக்குப் பக்கத்தில் இருக்கும் வைஹெக்கே தீவில் 'ஒயினும் கலையும்' என்று யாராவது விளம்பரம் அனுப்பினால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போன அக்டோபரில் நாங்கள் நான்கு பேர் மாட்டிக்கொண்டோம். நடத்தியவர் பெயரை எழுதப்போவதில்லை, புகார் இன்னும் முடியவில்லை.

விளம்பரம் பிரமாதம். இரண்டு நாள், தலைக்கு 420 டாலர். மூன்று தோட்டங்களில் தீவிலேயே விளைந்த ஒயின், கையால் திராட்சை பறிப்பது, கடலோரமாகச் சிற்பங்கள் பார்த்தபடி நடை, தீவு ஓவியர் ஒருவரின் பட்டறையில் ஒரு மதியம். ஃபெர்ரி கட்டணமும் அதிலேயே அடக்கம். பாதியை கார்டில் கட்டினோம். மீதியை ரொக்கமாகக் கொடுத்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆக்லாந்து படகுத்துறையில் அதையும் எண்ணிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட பிறகுதான், "ஃபெர்ரி டிக்கெட்டை நீங்களே எடுத்துடுங்க, அப்புறம் கழிச்சுக்கலாம்" என்றார். அந்த 'அப்புறம்' இன்னும் வரவில்லை.

நாற்பது நிமிடத்தில் மட்டியாடியா துறை. அங்கிருந்து மினி வேன். முதல் தோட்டத்தில் இறங்கியதும் என் மாமனார் வரிசைக்குள் போய்க் குனிந்து பார்த்தார். தேனி மாவட்டம் கம்பத்தில் திராட்சைப் பந்தல் போட்டு விவசாயம் பார்த்தவர். ஒயினை வாயில் வைக்கமாட்டார், ஆனால் கொடியைப் பார்த்தால் விடமாட்டார். ஒரு கொத்தை விரலால் நிமிர்த்திக் காட்டினார். மிளகை விடச் சின்னதாகப் பச்சை மொட்டுகள், இன்னும் பூக்கக்கூட இல்லை.

"மாப்பிள்ளை, இது இப்பத்தான் துளிர் விட்டிருக்கு. இதுல எதைப் பறிக்கச் சொல்றாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே அக்டோபர் என்றால் வசந்தம். அறுவடை பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை. ஐந்து வருடமாக ஆக்லாந்தில் இருக்கிறேன், ஒரு நிமிடம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். சிற்ப நடையும் இதே கதைதான். விளம்பரத்தில் இருந்த படங்கள் 'ஸ்கல்ப்சர் ஆன் தி கல்ஃப்' கண்காட்சியுடையவை. அது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, கோடையில் நடப்பது. முடிந்ததும் சிற்பங்களை எடுத்துவிடுவார்கள். நாங்கள் நடந்த பாதையில் புல்லும் காற்றும்தான் இருந்தன. காட்சி அழகு, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதையில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் நடக்கலாம்.

மற்ற இரண்டு தோட்டங்கள் 'விடுமுறைக் கூட்டத்தால் நிரம்பிவிட்டன'. பதிலுக்கு ஒரு ஷெட். மடக்கு மேசை, பிளாஸ்டிக் கோப்பைகள், கழுத்திலிருந்து அடிவரை வெள்ளைத் துணி சுற்றிய பாட்டில்கள். குளிர்ச்சி போகாமல் இருக்கவாம். சிவப்பு ஒயினுக்கு எதற்கு இந்தக் குளிர்ச்சி என்று வெள்ளை ஒயின் பாட்டிலின் துணியையும் சேர்த்து இறக்கிப் பார்த்தேன். லேபிளில் சோவினியோன் பிளாங்க் என்ற வெள்ளை வகை, விளைந்த இடம் மார்ல்பரோ. மார்ல்பரோ தெற்குத் தீவின் வடமுனையில் இருக்கிறது! வைஹெக்கேவுக்குப் பேர் வாங்கித் தந்தவை சிரா, கபர்னே, மெர்லோ போன்ற சிவப்பு வகைகள். நியூசிலாந்து ஒயினில் ஒரு வட்டாரத்தின் பெயரை லேபிளில் போட வேண்டுமானால் குறைந்தது 85 சதவீதம் அங்கே விளைந்ததாக இருக்க வேண்டும், 2007 அறுவடையிலிருந்து இதுதான் விதி. அதனால் சுவைக்கும் முன் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் கோப்பையைக் கீழே வைத்துவிடுங்கள்.

ஓவியர் வரவில்லை, 'உடம்பு சரியில்லை'. அவருடைய 'அசல்' படங்கள் மட்டும் சுவரில் தொங்கின. கடற்கரைப் படம் ஒன்றை என் மனைவி 180 டாலருக்கு வாங்கினாள். வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், தூரிகைத் தடங்கள் எல்லாம் மேலிருந்து கீழாக ஓடுகின்றன, அலைகளோ இடமிருந்து வலமாக. அச்சடித்த கான்வாஸ் மேல் நிறமில்லாத ஜெல்லைப் பூசியிருக்கிறார்கள். உருப்பெருக்கியில் அச்சுப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. தீவில் நிஜமான ஓவியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒனரோவாவில் சமூகக் கலைக்கூடமே உண்டு. நாங்கள் அதன் வாசல் வழியாக வேனில் போனோம், நிறுத்தவில்லை.

திரும்பி வந்ததும் வங்கியில் சார்ஜ்பேக் கேட்டேன், அதாவது கார்டில் கட்டியதைத் திரும்பப் பெற்றுத் தரச் சொன்னேன். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தது கை கொடுத்தது, கார்டில் கட்டிய பாதி திரும்பி வந்தது. ரொக்கத்துக்கு ரசீதே இல்லை. படகுத்துறையில் கேட்க வெட்கப்பட்டுவிட்டேன், வேறு காரணம் இல்லை. அதற்காகச் சின்னத் தொகை வழக்குகளைத் தீர்க்கும் டிஸ்ப்யூட்ஸ் டிரிப்யூனலில் மனு போட்டிருக்கிறேன். அங்கே வக்கீல் வாதாட முடியாது, நாமே பேச வேண்டும். 1986-ஆம் வருட ஃபேர் டிரேடிங் சட்டம் தவறாக நம்பவைத்து விற்பதைத் தடை செய்கிறது. மாமனாரைச் சாட்சியாகக் கூட்டிப்போகலாமா என்று பார்க்கிறேன், அவர் தயார்தான்.

இனிமேல் எந்த விளம்பரம் வந்தாலும் எந்தெந்தத் தோட்டம் என்று பெயரை எழுத்தில் வாங்கி, அந்தத் தோட்டத்துக்கே போன் போட்டு முன்பதிவு இருக்கிறதா என்று கேட்பேன். இரண்டு நிமிட வேலை.

போன வாரம் அதே ஆள் அதே படங்களோடு ஈஸ்டர் வார இறுதிக்கு விளம்பரம் போட்டிருக்கிறார். மாமனாரிடம் காட்டினேன். "ஈஸ்டருக்குன்னா ரெண்டு கொத்தாவது மிச்சம் இருக்கலாம்" என்றார்.