ரேஷன் கார்டுக்கு ரூ.3,500 கொடுத்து, இருந்த பெயரையும் இழந்த கதை

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த நாளிலிருந்து அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்: "முதல்ல ரேஷன் கார்டுக்கு எழுதிப் போடுடா." 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கிய பிறகு கார்டு இல்லாத வீடுகளில் இந்த அவசரம் இன்னும் கூடிவிட்டது. அந்த அவசரத்தில்தான் நானும் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடையில் போய் மாட்டினேன்.

"பதினஞ்சே நாள் சார், ஆபீஸ்ல நம்ம ஆள் இருக்காரு" என்றார் கடைக்காரர். ரூ.3,500 கேட்டார், கொடுத்தேன். உணவு வழங்கல் துறையின் இணையதளத்தில் நாமே விண்ணப்பித்தால் ஒரு பைசா செலவில்லை என்பது அன்று எனக்குத் தெரியாது.

புதுக் கார்டு வேண்டுமென்றால் முதலில் என் பெயரை அப்பா கார்டிலிருந்தும் மனைவி பெயரை மாமனார் கார்டிலிருந்தும் நீக்க வேண்டும். ஒரு ஆதார் ஒரு கார்டில்தான் இருக்கலாம். இதுவரை எல்லாம் முறைதான். ஆனால் நீக்குவதற்கு அந்தந்தக் கார்டில் பதிவான செல்போனுக்கு ஓடிபி வரும். என் அப்பா போனுக்கு வந்ததை நானே சொன்னேன். மாமனார் கார்டில் இருப்பது அத்தையின் நம்பர். கடைக்காரர் நேராக அவருக்கே போன் போட்டு, "ரேஷன் ஆபீஸ்ல இருந்து பேசுறேன்" என்று சொல்லி ஓடிபியை வாங்கியிருக்கிறார். மாப்பிள்ளை காரியமாயிற்றே என்று அவரும் சொல்லிவிட்டார். கொஞ்ச நாளிலேயே இரண்டு பெயரும் நீங்கிவிட்டன. அந்த வேகத்தைப் பார்த்து எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்ததுதான் கொடுமை.

அப்புறம் நாலு மாதம் "பெண்டிங்". விண்ணப்பத்தின் குறிப்பு எண்ணைக் கேட்டால், "அது எதுக்கு சார், நான் பாத்துக்கிறேன்" என்பார். பழைய கார்டிலும் பெயரில்லை, புதுக் கார்டும் இல்லை. அரிசி போனது, பொங்கல் தொகுப்பும் போனது.

கடைசியில், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் குறைதீர் முகாமுக்குப் போனேன். அங்கிருந்த பெண் அலுவலர் ஆதார் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது தள்ளுபடி ஆகி மூணு மாசமாச்சே, மெசேஜ் வரலையா?" என்று கேட்டார். வந்திருக்கிறது, கடைக்காரர் போனுக்கு. விண்ணப்பத்தில் அவர் கொடுத்திருந்தது அவருடைய நம்பர்.

தள்ளுபடிக்குக் காரணம் இன்னும் அழகு. ஆதாரில் இருந்த அப்பா வீட்டு முகவரியையே அப்படியே தட்டியிருக்கிறார். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு கார்டு இருக்கிறது. வீட்டைப் பார்க்க வந்த அலுவலர் ஒரே சமையலறையைப் பார்த்துவிட்டு, தனிக் குடும்பம் இல்லை என்று எழுதிவிட்டார். போதாததற்கு கடைக்காரர் அட்டை வகையில் பண்டகமில்லா அட்டையைத் தேர்வு செய்திருந்தார். அதாவது கார்டு வந்திருந்தாலும் அரிசி, சர்க்கரை எதுவும் கிடைத்திருக்காது, வெறும் அடையாளத்துக்குத்தான். கேட்டதற்கு, "அதுதான் சார் சீக்கிரம் வரும்" என்றார்! சண்டை போட்டு ஆயிரம் ரூபாய் திரும்பி வந்தது. மீதி போனதுதான்.

இப்போது நானே போட்டிருக்கிறேன். முதலில் இருவர் ஆதாரிலும் வாடகை வீட்டு முகவரியை மாற்றினோம். செல்போன் எண் என்னுடையது. அட்டை வகையை இரண்டு தடவை சரிபார்த்தேன். சமர்ப்பித்ததும் வந்த குறிப்பு எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். நிலவரம் பார்க்க அது ஒன்றே போதும். கணினி பழக்கமில்லாதவர்கள் அரசு இ-சேவை மையத்தில் போடலாம், அங்கே பலகையில் எழுதியிருக்கும் கட்டணம் மட்டும்தான். சந்தேகம் என்றால் 1967-க்கு அழைத்துக் கேளுங்கள். கடையில்தான் போட வேண்டிய நிலை என்றால், திரையில் உங்கள் நம்பர் இருக்கிறதா என்று பார்க்காமல் எழுந்து வராதீர்கள்.

போன வாரம் வீட்டைப் பார்க்க வந்தார்கள். அடுப்பைப் பார்த்தார்கள், பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள், போனார்கள். காத்திருக்கிறோம். அத்தை மட்டும் இப்போதெல்லாம் தெரியாத நம்பர் வந்தால் எடுப்பதே இல்லை. கேஸ்காரர் கூப்பிட்டாலும்.