பெயின்ட் அடிக்கும் முன் பாருங்கள்: பட்டறையில் கட்டும் 10×6 டிப்பர் டிரெய்லர்

டிராக்டர் வாங்கும்போது குதிரைத்திறன், கியர், டீசல் செலவு என்று நாலு கம்பெனி ஏறி இறங்குகிறவர்கள், பின்னால் மாட்டும் பெட்டியை மட்டும் "நம்ம பட்டறையிலேயே அடிச்சுக்கலாம்" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறார்கள். பட்டறைப் பெட்டி மட்டம் என்று சொல்ல வரவில்லை. நாமக்கல்லில் லாரி பாடியும் கரூரில் பஸ் பாடியும் கட்டி ஊறிய கைகள் உள்ள ஊர் இது. நல்ல வெல்டர் அமைந்தால் பட்டறைப் பெட்டி கம்பெனிப் பெட்டியை விடக் கனமாகவும் உறுதியாகவும் வரும். ஆனால் நல்ல பெட்டியும் மோசமான பெட்டியும் பெயின்ட் அடித்த பிறகு ஒரே மாதிரிதான் மினுங்கும். அட்வான்ஸ் கொடுக்கும்போதே "பெயின்டுக்கு முன்னாடி வந்து பார்ப்பேன்" என்று சொல்லிவிடுங்கள். அதற்கு முகம் சுளிக்கும் பட்டறையில் வேலை கொடுக்காமல் இருப்பதே நல்லது.

இங்கே பார்ப்பது கிராமங்களில் சாதாரணமாக ஓடும் அளவு: 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரக் கதவுகள், இரண்டு சக்கரம், பெட்டியைத் தூக்கிச் சாய்க்க அடியில் ஒரு ஹைட்ராலிக் ஜாக்கி.

முதலில் சுமைக் கணக்கு. தலைதட்டி நிரப்பினால் 120 கன அடி, மணல் கணக்கில் 1.2 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). நெல்லைக் கொட்டினால் சுமார் 2 டன்தான் வரும். அதே பெட்டியில் மணல் நிரப்பினால் 5 டன்னைத் தாண்டும், நனைந்த மணல் என்றால் 6 டன்னைத் தொடும். பட்டறையில் "5 டன் பெட்டி" என்று சொன்னால், அது எதன் கணக்கு என்று கேளுங்கள். அச்சு, ஸ்பிரிங் பட்டை, டயர், ரிம் ஆகியவற்றில் எது குறைவாகத் தாங்குமோ அதுதான் பெட்டியின் தாங்குதிறன். டயர் எவ்வளவு தாங்கும் என்பது அதன் பக்கச் சுவரிலேயே, காற்றழுத்தத்தோடு சேர்த்து எழுதியிருக்கும். இரண்டு டயரின் எண்ணையும் கூட்டிப் பார்த்தாலே பாதி சந்தேகம் தீரும். நெல்லும் உரமும் மட்டும் ஏற்றுகிறவர் மணல் பெட்டி கட்டினால் காலி இரும்பை இழுக்க வருடம் முழுக்க டீசல் ஊற்றுவார். மணல், செங்கல் என்று போகிறவர் நெல் பெட்டி கட்டினால் ஒரே பருவத்தில் சேஸ், அதாவது பெட்டியைத் தாங்கும் அடிச்சட்டம், தொய்ந்துவிடும்.

இரும்பின் எடை

பட்டறைக்காரர் "அஞ்சு எம்எம் தகடு, நாலு இஞ்ச் சேனல்" என்பார். சேனல் என்பது 'ப' வடிவ நீள இரும்பு: நடுவில் இருப்பது நடுச்சுவர், இரு ஓரமும் உதடு, திறந்த பக்கம் வாய். அவர் சொன்னதைக் கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகட்டில் ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 7.85 கிலோ. 10×6 அடித் தளம் 5.57 சதுர மீட்டர். 5 மி.மீ தகடு போட்டால் தளம் மட்டும் 219 கிலோ, 4 மி.மீ போட்டால் 175 கிலோ. ஆக, ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் 44 கிலோ இரும்புக் காசு கைமாறிவிடுகிறது. நான்கு பக்கக் கதவுகளும் சேர்ந்து 64 சதுர அடி, 3 மி.மீ தகட்டில் 140 கிலோ.

சேனலிலும் இதே விளையாட்டு உண்டு. முறையான 100×50 சேனல் மீட்டருக்கு சுமார் 9.5 கிலோ, 75×40 சேனல் சுமார் 7 கிலோ, 125×65 சேனல் 13 கிலோ. பார்வைக்கு அதே 100 மி.மீ உயரம் இருக்கும், ஆனால் நடுச்சுவர் மெலிந்து, உதடு குட்டையாக உருட்டிய சரக்கும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. 100 சேனலில் உதடு 50 மி.மீ, நடுச்சுவர் 5 மி.மீ ஒட்டி இருக்க வேண்டும். ஒரு வெர்னியர் காலிப்பர் கையில் இருந்தால் போதும். பெயின்ட் ஏறும் முன் அளந்தால் எண்ணும் சுத்தமாக வரும்.

தளம், கதவு, சேனல், அச்சு, சக்கரம் எல்லாவற்றையும் இப்படிக் கூட்டி ஒரு எடை எழுதிக்கொள்ளுங்கள். வண்டி முடிந்ததும் காலியாக எடை மேடையில் ஏற்றி, டிராக்டரைக் கழற்றிவிட்டு, முன் ஸ்டாண்டும் மேடையிலேயே நிற்கும்படி எடை போடுங்கள். எடை மேடை 5 அல்லது 10 கிலோ படியில் காட்டும், இந்த வேலைக்கு அது தாராளம். எழுதிய எடையை விட 60, 70 கிலோ குறைந்தால் எந்த இடத்தில் குறைந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விலையையும் மொத்தமாகப் பேசாமல், இரும்பு கிலோ கணக்கு தனி, டயர், ஜாக்கி, அச்சு தனி என்று பேசினால் இரண்டு பட்டறைகளை நேர்மையாக ஒப்பிட முடியும்.

சேஸின் இரண்டு நீளச் சேனல்களும் ஒரே துண்டாக இருக்க வேண்டும். 20 அடிச் சேனலை நடுவில் வெட்டினாலே இரண்டு 10 அடித் துண்டு கிடைக்கும்போது, இடையில் ஒட்டுப் போட எந்த நியாயமும் இல்லை. ஒட்டு தெரிந்தால் பழைய துண்டு உள்ளே வந்திருக்கிறது என்று பொருள்.

வெல்டிங்

எல்லா வெல்டிங்கையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. உயிர் இருக்கும் இடம் ஐந்து: கொக்கியைத் தாங்கும் முன் முக்கோணச் சட்டம் சேஸோடு சேரும் மூலைகள், ஸ்பிரிங் தாங்கிகள், பின்னால் பெட்டி திரும்பும் கீல், ஜாக்கி உட்காரும் இருக்கை, கொக்கி வளையம். இங்கெல்லாம் மணி மாலை போல ஒரே சீரான கோடு வேண்டும். கோட்டின் ஓரத்தில் சேனல் அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால் கரண்ட் அதிகம் வைத்திருக்கிறார். கோடு புடைத்து, மேலே ஒட்டிக்கொண்டு மட்டும் நின்றால் கரண்ட் போதவில்லை, இரும்பு உருகிச் சேரவில்லை. இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். ஊசித் துளைகள் தெரிந்தால் வெல்டிங் ராடு ஈரம் அல்லது துருவின் மேலேயே அடித்திருக்கிறார்கள். கசடைத் தட்டாமல் பெயின்ட் அடித்தால் முதல் மழைக்காலத்திலேயே அந்த இடத்தில் துரு ஒழுகும்.

பட்டறைகளில் அடிக்கடி நடக்கும், ஆனால் யாரும் கவனிக்காத தவறு ஒன்று உண்டு. சேஸ் சேனலின் கீழ் உதட்டில் குறுக்காக வெல்டிங் போடுவது. சுமை ஏறும்போது கீழ் உதடுதான் அதிகம் இழுபடுகிறது. அங்கே குறுக்குக் கோடு விழுந்தால் விரிசல் அந்தக் கோட்டோரத்தில் பிறந்து நடுச்சுவரில் ஏறும். எதை ஒட்ட வேண்டுமானாலும் நடுச்சுவரில் ஒட்டச் சொல்லுங்கள், உதட்டில் தவிர்க்க முடியாவிட்டால் நீளவாக்கில். மூலைகளில் முக்கோணப் பட்டித் தகடு கட்டாயம் வேண்டும். வாய் மேல் நோக்கி இருக்கும் சேனலில் தண்ணீரும் மண்ணும் தேங்கும். வாய் பக்கவாட்டில் இருக்கட்டும்.

அச்சு, கொக்கி

75 மி.மீ சதுர அச்சு கட்டியாக இருந்தால் மீட்டருக்கு 44 கிலோ, 90 மி.மீ என்றால் 63 கிலோவுக்கு மேல். மேலே சொன்ன எடைக் கணக்கு இதையும் காட்டிக் கொடுத்துவிடும். பழைய லாரி அச்சும் ஹப்பும் போட்டுத் தருகிறேன் என்பார்கள். உடனே மறுக்க வேண்டாம். லாரி ஹப்பும் பேரிங்கும் இந்தச் சுமைக்குத் தாராளம், உதிரிப் பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருக்கிறதா என்பதை மட்டும் கழற்றிப் பார்க்க வேண்டும். பேரிங்கின் உள்வளையம் அச்சின் மேல் சுழன்ற தடம் நீலம் பூத்துத் தெரிந்தால் வேண்டாம். பழைய ஸ்பிரிங் பட்டை, பழைய டயர் இரண்டுக்கும் இந்தச் சலுகை கிடையாது. டயர் தயாரான வாரமும் ஆண்டும் பக்கச் சுவரில் நான்கு எண்ணாக இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம்.

அச்சு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்பதை டேப் வைத்து இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம். கொக்கி வளையத்தின் நடுவிலிருந்து இடது அச்சு முனை, வலது அச்சு முனை இரண்டுக்கும் உள்ள தூரம் 5 மி.மீ-க்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பெட்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும், டயர் ஒரு பக்கம் தேயும். பெட்டியின் மூலைவிட்டங்களையும் இப்படியே அளந்துவிடுங்கள்.

அச்சு பெட்டியின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். கொக்கியிலிருந்து அச்சு பதினொன்றரை அடி, பெட்டி நடுவிலிருந்து அச்சு ஒன்றரை அடி பின்னால் என்றால், சுமையில் 13 சதவீதம் கொக்கியில் விழும். 5 டன்னுக்கு 650 கிலோ. இந்த எடைதான் டிராக்டரின் பின்சக்கரம் சேற்றில் சுற்றாமல் பிடித்து இழுக்க உதவுகிறது. அச்சை நடுவிலேயே வைத்தால் மேடேறும்போது சுமை பின்னால் சாய்ந்து கொக்கி டிராக்டரைத் தூக்கும். ரொம்பப் பின்னால் தள்ளினால் டிராக்டரின் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி கொடுக்காது. கொக்கி உயரம் டிராக்டரின் பின் அச்சு மையத்தை விடத் தாழ்வாகவே இருக்கட்டும். உயரத்தில் மாட்டி இழுத்தால் முன்பக்கம் தூக்கிக் கவிழும்.

ஜாக்கி

100 மி.மீ விட்டமும் ஒரு மீட்டர் நீட்டமும் உள்ள ஜாக்கி, 150 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 12 டன் தள்ளும். 5 டன் பெட்டிக்கு இவ்வளவு எதற்கு என்று தோன்றும். தொடக்கத்தில் ஜாக்கி சாய்ந்து படுத்திருக்கிறது. தள்ளுவதில் ஒரு பங்குதான் மேல்நோக்கிப் போகும். அதனால் சோதனையை முழுச் சுமையில் செய்ய வேண்டும், காலிப் பெட்டியைத் தூக்கிக் காட்டுவது சோதனை ஆகாது. பாதி உயரத்தில் நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். யாரும் அடியில் நிற்கக் கூடாது. கண்ணுக்குத் தெரிய இறங்கினால் ஜாக்கி சீலோ டிராக்டரின் வால்வோ கசிகிறது. வேறொரு டிராக்டரில் மாட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

இந்த ஜாக்கி முழுதாக நீண்டால் 7.85 லிட்டர் ஆயிலை டிராக்டரிலிருந்து எடுத்துக்கொள்ளும். டிராக்டரில் ஆயில் குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சி ஊளையிடும், ஆயில் நுரைக்கும். ஒரே பெட்டியை மூன்று டிராக்டருக்கு மாற்றி மாட்டுகிறவர்கள் ஒன்றின் அழுக்கு ஆயிலை மற்றதன் ஹைட்ராலிக்கில் கலந்துவிடுகிறார்கள். ஆயில் குழாயை டிராக்டரில் மாட்டும் கப்ளருக்கு மூடி இல்லாத டிரெய்லரை எடுக்காதீர்கள். பெட்டியைத் தூக்கி அடியில் வேலை பார்க்கத் தாங்கு கம்பி சேஸோடு சேர்ந்தே வர வேண்டும். பல பட்டறைகளில் கேட்டால்தான் தருகிறார்கள்.

இந்த வகைப் பெட்டியின் பெருங்குறை பிரேக். பெரும்பாலும் இருப்பதில்லை. இரண்டு டன் டிராக்டர், பின்னால் வரும் ஆறு டன்னை இறக்கத்தில் தன் பிரேக்காலேயே பிடிக்க வேண்டியிருக்கிறது. பாலத்து இறக்கத்தில் பெட்டி டிராக்டரைத் தள்ளி மடக்குவது இதனால்தான். மலையடிவார ஊர்க்காரர்கள் பிரேக் வைத்த அச்சு கிடைக்கும் வரை காத்திருக்கலாம். விளக்கும் அப்படித்தான் ஓரங்கட்டப்படுகிறது. பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள் பிரதிபலிப்பு ஸ்டிக்கர்களைப் பெட்டி முடிந்த அன்றே ஒட்டச் சொல்லுங்கள்.

காகிதம்: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான், தனிப் பதிவு வேண்டும். பட்டறை பில் மட்டும் போதாது. விற்பனைச் சான்றான படிவம் 21, சாலைத் தகுதிச் சான்றான படிவம் 22 இரண்டையும் கையில் வாங்கிய பிறகு மீதிப் பணம் கொடுங்கள். சேஸில் குத்திய எண் காகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். டிராக்டர் இன்சூரன்ஸில் டிரெய்லரும் சேர்ந்திருக்க வேண்டும். விவசாயத்துக்கென்று பதிந்துவிட்டு வாடகைக்கு மணல் ஓட்டினால், விபத்தின்போது இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும்.

வீட்டுக்கு வந்த முதல் 50 கிலோமீட்டருக்குள் சக்கர நட்டையும் யு போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே தடிமனாகப் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். சுமை ஏறியதும் அது நசுங்கும், நட்டின் பிடி தளரும். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்றால் பேரிங் நட்டு தளர்வு, கையால் சுற்றக் கனத்தால் இறுக்கம் அதிகம். இறுக்கி வைத்த பேரிங் சூடேறி கிரீஸை உருக்கி வெளியே தள்ளும். முதல் நாலு நடைக்கு, வண்டி நின்றதும் ஹப்பில் புறங்கையை வைத்துப் பாருங்கள். வைத்த கையை எடுக்கும்படி சுட்டால் அன்றே கழற்றுங்கள்.