லேபா கோல்டனா? கிருஷ்ணகிரில எங்க வீட்டு அனுபவம்

போன வாரம் பக்கத்து தெரு தம்பி ஒருத்தர், "அண்ணா, பசங்க நாய் கேட்டு ஒரே அடம், லேப் வாங்கட்டுமா கோல்டன் வாங்கட்டுமா"ன்னு கேட்டார். லேப்னா லேப்ரடார், கோல்டன்னா கோல்டன் ரெட்ரீவர், ரெண்டும் நாய் இனம். மூணு வருஷம் முன்னாடி இதே கேள்விய வச்சுக்கிட்டு நானும் ரெண்டு மாசம் அலைஞ்சேன், கடைசில ஒரு கருப்பு லேப் குட்டிய தூக்கிட்டு வந்தோம், பேரு கருப்பி. ஓசூர்ல என் மச்சான் வீட்ல கோல்டன். அத நானே வச்சு பாத்துக்கிட்டது ஒரு ஏப்ரல்ல 15 நாள் மட்டும்தான், அதனால கோல்டன் பத்தி நான் சொல்றத அந்த அளவுக்கு எடுத்துக்கோங்க.

குணத்துல பெரிய வித்தியாசம் இல்ல. ரெண்டும் கொழந்தைங்களோட ஒட்டிக்கும், ரெண்டும் காவலுக்கு ஆகாது, ஆண் நாய்னா ரெண்டுமே 30 கிலோ வரும். இடுப்பு எலும்பு பிரச்சனையும் ரெண்டுக்கும் பொது, தாய் தகப்பனோட இடுப்பு எக்ஸ்ரே இருக்கான்னு கேட்டு வாங்குங்க, வழுக்குற டைல்ஸ்ல மேட் போடுங்க.

எனக்கு முடிவ தீர்மானிச்சது முடி. கொட்டுறத சொல்லல, லேபும் நல்லாவே கொட்டும், தெனம் பெருக்குறோம். நான் சொல்றது ஈரமும் உண்ணியும். லேபோட முன்னோர் கனடா பக்கம் நியூஃபவுண்ட்லாந்து தீவு மீனவங்க கிட்ட இருந்தது, கோல்டன் 1868ல ஸ்காட்லாந்துல ட்வீட்மவுத் பிரபு ஆரம்பிச்ச வம்சம், ரெண்டும் குளிரும் தண்ணியுமா இருக்குற சீமை, அதனால ரெண்டுக்குமே மேல் முடி அடி முடின்னு ரெண்டு அடுக்கு. லேபுக்கு அது குட்டை, கோல்டனுக்கு நீளம், அவ்ளோதான், ஆனா நம்ம ஊர்ல அதுவே எல்லாத்தையும் மாத்திடுது.

ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், அங்க அந்த கோல்டன் ஓடி ஆடிட்டு இருந்துச்சு. இங்க எறங்குனதும் காலைல 9 மணிக்கே நாக்க தொங்கப்போட்டு பாத்ரூம் தரைல போய் படுத்துக்கிச்சு. பாவம்னு குளிப்பாட்டுனேன். கருப்பிய துண்டால துடைச்சு விட்டா கொஞ்ச நேரத்துல காஞ்சிடும், கோல்டனுக்கு மேல் முடி காஞ்ச மாதிரி தெரியுது, சாயந்திரம் விரல உள்ள விட்டா அடி முடி சில்லுன்னு ஈரம். ரெண்டு தடவ அப்படி விட்டதுல காதுக்கு பின்னாடி சிக்கு விழுந்து, அதுக்கு கீழ தோல் செவந்து கசிஞ்சு ஒரே வாடை. டாக்டர் அந்த எடத்துல மட்டும் முடிய வெட்டி மருந்து போட்டார். மொத்தமா மொட்டை அடிச்சிடலாமான்னு கேட்டதுக்கு, வேண்டாம், தோல்ல வெயில் படாம காக்குறதே அந்த முடிதான்னு சொல்லிட்டார்.

உண்ணி இன்னும் கஷ்டம். கருப்பிய திண்ணைல படுக்க வச்சு காது, விரல் இடுக்கு, வாலடின்னு தடவுனா கைலயே தட்டுப்படும், அஞ்சு நிமிஷ வேலை. கோல்டனுக்கு டார்ச் அடிச்சு சீப்பால பிரிச்சு பிரிச்சு பாக்க முக்கால் மணி நேரம் ஆச்சு, அப்பவும் கழுத்து முடிக்குள்ள ஒண்ணு தப்பிச்சு, ரத்தம் குடிச்சு ஆமணக்கு கொட்டை மாதிரி உப்பி இருந்தத மறுநாள்தான் பாத்தேன். உண்ணி கடிச்சு எர்லிக்கியாங்கற நோய் வந்தா ரத்தத்துல பிளேட்லெட் கொறையும், பேபீசியாங்கற நோய் வந்தா சிவப்பணுவ ஒடைக்கும், நல்லா இருந்த நாய் சாப்பிடாம சுருண்டுடும். அதனால இத சோம்பலுக்கு விட முடியாது.

மச்சான் பொண்ணு தெனமும் சீவி விடுறா, அங்க அது பளபளன்னு இருக்கு. அந்த மாதிரி ஒரு ஆளும் ஓசூர் குளிரும் இருந்தா கோல்டன் தாராளமா வாங்கலாம். கிருஷ்ணகிரி, தர்மபுரில ரெண்டு பேரும் வேலைக்கு போற வீடுன்னா லேப்தான். அதுக்காக லேபுக்கு வெயில் தாங்கும்னு நெனைக்காதீங்க, நாங்க வாக்கிங்க அஞ்சரைக்கே முடிச்சிடுவோம்.

லேபோட கொறை வாய். 2016ல கேம்பிரிட்ஜ்ல ஆராய்ச்சி பண்ணி, லேப்ல கிட்டத்தட்ட நாலுல ஒண்ணுக்கு பி.ஓ.எம்.சி.ங்கற ஜீன்ல ஒரு துண்டு இல்ல, அதனால பசி அதிகம்னு கண்டுபிடிச்சாங்க. கருப்பி தன்னோட தட்ட முடிச்சுட்டு எங்க களி உருண்டைய பாத்துக்கிட்டே உக்காந்திருப்பா, அளந்துதான் போடுறோம். போன மாம்பழ சீசன்ல பசங்க சாப்பிட்டு போட்ட மாங்கொட்டைய முழுங்கி குடல்ல அடைச்சு, ரெண்டு நாள் வாந்தி, கடைசில ஆபரேஷன். இப்ப மாங்கொட்டை வாளி மாடிப்படிக்கு மேல, கதவுக்கு அந்த பக்கம் இருக்கு.