கடிகாரப் பட்டையின் கூர்விளிம்பு: உப்புத்தாளா, சுழல் கருவியா, கடையா?

சென்ற ஆண்டு வாங்கிய எஃகுப் பட்டைக் கைக்கடிகாரம், நான் அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் மணிக்கட்டில் ஒரு மெல்லிய சிவப்புக் கோட்டைப் போட்டுவிடும். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் அந்தக் கீறலில் வியர்வை பட்டால் எப்படி எரியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பட்டை இறுக்கமாக இருப்பதுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். உண்மையில், பட்டையாகக் கோக்கப்படும் சிறு எஃகுத் துண்டுகளான கண்ணிகளை வெட்டியபின், ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைத் தயாரித்தவர்கள் எடுக்காமலே விட்டிருந்தார்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஓரத்தோடு இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: கூரான இடத்தில் பஞ்சின் இழை சிக்கி நிற்கும். என் பட்டையில் ஏறக்குறைய எல்லாக் கண்ணிகளின் உட்புறத்திலும், பூட்டின் மடிப்புத் தகட்டிலும் நின்றது.

கடையில் கொடுப்பது சிரமமில்லாத வழி. ஆனால் நான் விசாரித்த கடையில், ஓரத்தை மட்டும் தேய்க்கும் வேலையை எடுப்பதில்லை, வேண்டுமானால் முழுப் பட்டையையும் மெருகூட்டித் தருகிறோம் என்றார்கள். அது என் நோய்க்கான மருந்தன்று. சுழல் கருவியில் கம்பளிச் சக்கரம் பொருத்தி, மெருகுப் பசை தடவித் தேய்ப்பது வேகமான வழி. பழைய பட்டை ஒன்றில் முயன்றேன். இரண்டே நிமிடத்தில் ஓரம் வழவழப்பானது. கூடவே அதை ஒட்டிய மேற்பரப்பும் கரைந்து, சப்பிய மிட்டாய்போல் உருண்டுவிட்டது. ஒரே ஒரு முறை செய்தவனின் தீர்ப்பு இது. கை பழகியவர்கள் இதைவிட நன்றாகவே செய்யக்கூடும்.

நான் தேர்ந்தெடுத்தது ஜாலான் புசார் வன்பொருள் கடையில் வாங்கிய, நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். 600, 1000, 2000 என மூன்று எண்கள் போதும். எண் கூடக் கூடத் தாள் நுண்மையாகும்: 600ஆம் எண் தாளின் துகள் சுமார் 26 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), 2000இன் துகள் சுமார் 10 மைக்ரான். பிசிறைக் கரைக்க முன்னது, கரைத்த தடத்தை மறைக்கப் பின்னது. கடிகாரத்திலிருந்து பட்டையைக் கழற்றி, கண்ணிகளின் மேற்புறத்தில் மறைப்பு நாடாவை ஒட்டி, ஒரு கண்ணாடிப் புட்டியின்மேல் உட்புறம் வெளியே தெரியுமாறு வளைத்து வைத்தால், கண்ணிகளுக்கு இடையே ஒளிந்திருக்கும் ஓரங்களும் வெளியே வரும். தாளை ஓர் அழிப்பானில் சுற்றிக்கொண்டு, அழுத்தாமல், கண்ணிக்கு ஏழெட்டு இழுப்பு இழுத்தாலே போதும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மழுங்கினாலே தோல் வேறுபாட்டை உணர்ந்துவிடும். கடைசியில் பழைய பல்துலக்கியையும் பாத்திரம் கழுவும் சோப்பையும் கொண்டு பொடியைக் கழுவிவிட வேண்டும்.

துரு ஏறுமோ என்று அஞ்ச வேண்டாம். இவ்வகைப் பட்டைகளில் பரவலாகப் பயன்படும் 316எல் என்னும் துருப்பிடிக்காத எஃகு வகையில் 16 முதல் 18 விழுக்காடு குரோமியம் இருப்பதால், தேய்த்த இடத்தில் காற்றுப் பட்டதும் காப்புப் படலம் தானாகவே மீண்டும் உருவாகிவிடும். ஆனால், பாத்திரம் தேய்க்கும் சாதாரண இரும்பு நாரைத் தயவுசெய்து தொடாதீர்கள்: அதன் துணுக்குகள் எஃகில் பதிந்து, நம் வியர்வையில் பழுப்புப் புள்ளிகளாகத் துருப்பிடிக்கும். முலாம் பூசிய பட்டைக்கும் கறுப்புப் பூச்சுள்ள பட்டைக்கும் உப்புத்தாளே ஆகாது, பூச்சு போய்விடும்.

என்னை முடிவெடுக்க வைத்தது செலவன்று, மறுவிற்பனை. பட்டையின் மேற்புறத்தில் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடும். பக்கவாட்டில் கண்ணாடிபோல் பளபளக்கும். இவ்விரண்டும் சந்திக்கும் கோடு கத்தியால் வகிர்ந்ததுபோல் நேராக இருக்கிறதா என்பதைத்தான் பழைய கடிகாரம் வாங்குகிறவர் சாளர வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். மங்கிய கோடுகளை மீண்டும் போட்டுவிடலாம். கரைந்துபோன உலோகத்தை எவராலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. சக்கரமும் முழு மெருகும் அந்தச் சந்திப்பைத்தான் முதலில் தின்கின்றன. உப்புத்தாளோ நான் காட்டும் ஓரத்தை மட்டுமே, அதுவும் நான் நிறுத்து என்னும் இடம்வரை மட்டுமே தேய்க்கிறது. ஒரு மாலைப்பொழுது முழுவதும் போய்விடும் என்பது இதன் குறை. விரல் நுனியும் மரத்துப்போகும். சக்கரம் தரும் பளபளப்பும் இதில் வராது. ஆனால் உட்புறத்து ஓரம் பளபளத்துத்தான் யாருக்கு என்ன பயன்?

பட்டையை அளவெடுத்துக் குறைத்தபோது கடைக்காரர் பொட்டலத்தில் போட்டுத் தந்த உபரிக் கண்ணிகளில் முதலில் பழகிக்கொள்ளுங்கள். நான் அவற்றில் ஒன்றை 600ஆம் எண் தாளால் அழுத்தித் தேய்த்துப் பாழாக்கினேன். அது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மணிக்கட்டு பருத்தால் அதைத்தான் மாட்டியாக வேண்டும்.