போர்வெல் தண்ணீரில் ஓடும் கீசர்: பல வருஷ அனுபவம்

வேளச்சேரியில் எங்கள் வீட்டுக் குளியலறையில் இருப்பது 15 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர், தண்ணீரைச் சூடாக்க உள்ளே 2 கிலோவாட் காயில். பிராண்டு பெயர் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் போர் தண்ணீர் வரும் வீட்டில் எந்த பிராண்டாக இருந்தாலும் கதை ஒன்றுதான். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் ஏற்கும் கடினத்தன்மை (கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லை என்றால் 600. எங்கள் போரில் சோப்பு நுரைக்கவே யோசிக்கும்.

தண்ணீர் சூடானதும் அதில் கரைந்திருக்கும் கால்சியம் பிரிந்து காயிலில் போய் ஒட்டிக்கொள்கிறது. கழற்றிப் பார்த்தால் முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக, தட்டினால் செதில் செதிலாக உதிரும். இதனால் கரண்ட் பில் எகிறும் என்பார்கள், அதை நான் பெரிதாக நம்புவதில்லை. காயில் தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கிறது, சூடு வேறு எங்கே போகும்? உண்மையான தொல்லை என்னவென்றால், மேலே அந்தக் கால்சிய உப்பு மூடிக்கொள்வதால் காயில் உள்ளுக்குள் அளவுக்கு மீறிச் சூடாகி, உறை விரிசல் விட்டு, அதில் தண்ணீர் இறங்கி, ஒருநாள் சுவிட்ச் போட்டதும் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) டிரிப் ஆகும். அப்புறம் புது காயில்தான்.

வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து சுத்தம் செய்வது வழக்கம். கீசருக்கு வரும் கரண்டை நிறுத்த எம்சிபி சுவிட்சை இறக்கி, ஆறவிட்டு, தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் இருக்கும் பிளேட்டின் போல்ட்டுகளைக் கழற்றினால் காயில், ஆனோட் ராடு எல்லாம் சேர்ந்து வரும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) வெந்நீரில் கரைத்து, வயர் மாட்டும் முனை நனையாமல் காயிலை மட்டும் ஊற வைத்தால் நுரைத்துக்கொண்டு படிந்த உப்பு விட்டுவிடும். கத்தியால் சுரண்டவே கூடாது, டாய்லெட் கழுவும் ஆசிட் பக்கமும் போகாதீர்கள். மூடும்போது பிளேட்டுக்கு நடுவில் வரும் ரப்பர் கேஸ்கெட் புதுசு போடுங்கள், வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்ச். காலி டேங்கில் போட்டால் காயில் அப்போதே போய்விடும்.

ஆனோட் ராடுதான் பலர் கண்டுகொள்ளாத பொருள். டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபட்டுச் சாகும் மெக்னீசியக் கம்பி அது. நடுவில் இருக்கும் இரும்புக் கம்பி தெரிய ஆரம்பித்தால் மாற்றிவிட வேண்டும். சர்வீஸுக்கு வருபவர் தானாக மாற்ற மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். தெர்மோஸ்டாட் திருகை 50-55 டிகிரியில் வைத்திருக்கிறேன், 60ஐத் தாண்டினால் உப்பு வேகமாகப் படிகிறது. சென்னைக் குளியலுக்கு அந்தச் சூடு தேவையும் இல்லை.

டேங்கில் கூடும் அழுத்தத்தை வெளியே விடும் பிரஷர் வால்வில், தண்ணீர் சூடாகும்போது கொஞ்சம் சொட்டும், அது சாதாரணம். அதை எம்-சீல் வைத்து அடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், டேங்க் வெடிக்கக்கூடும். மூடி ஓரத்தில் ஒழுகினால் கேஸ்கெட் மாற்றினால் சரி. டேங்கே ஒழுகினால் வெல்டிங் அது இது என்று செலவு பண்ணாமல் புதுசு வாங்கிவிடுங்கள்.